உணவுக்குழாய்ப் புற்றுநோய்: மரபணு மாற்றங்களும் இலக்குசார் சிகிச்சையும்

தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயின் உட்சுவரில் தோன்றும் புற்று. செதிள் செல் வகை, சுரப்பி செல் வகை என இரண்டு உண்டு. இந்தியாவில் முதலாவதே மிகுதி. புகையிலை, மது, பாக்கு ஆகியவை முக்கியக் காரணங்கள். பேராவூரணி உள்ளிட்ட தஞ்சை வட்டாரத்தில் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடித்து வாயில் அடக்குவது பழைய வழக்கம். புகையிலை சேராத தாம்பூலத்தையும் புற்றுநோய்க் காரணி என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. "நான் புகையிலை போடுவதில்லையே" என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

செல் பெருக்கத்துக்குக் கடிவாளமான டிபி53 மரபணு இரு வகையிலும் பெரும்பாலும் பழுதாகியிருக்கும். மற்றபடி இரண்டும் மூலக்கூறு அளவில் வெவ்வேறு நோய்கள் என்பதை 2017இல் வெளியான பன்னாட்டு மரபணு ஆய்வு காட்டியது. செதிள் வகையில் சிசிஎன்டி1, சாக்ஸ்2 மரபணுக்களின் படிகள் பெருகுகின்றன. சுரப்பி வகையில் ஒரு பகுதியினருக்கு ஹெர்2 மரபணு பெருகுகிறது. அது உண்டாக்கும் ஹெர்2 புரதத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்யும் மருந்து டிராஸ்டுசுமாப். இரைப்பையும் உணவுக்குழாயும் சந்திக்கும் இடத்துக் கட்டிகளில், கீமோவுடன் சேரும்போது அது ஆயுளை நீட்டுவதாக 2010இல் நிறுவப்பட்டது. 2013இல் அதன் ஒப்புமருந்துக்கு இந்தியா அனுமதி தந்தது.

செதிள் வகைக்கு இப்படிக் குறிபார்த்துத் தாக்கும் மரபணு மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. நம்மூருக்கு இதுவே பெருங்குறை. பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் சிலருக்குக் கைகொடுக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்க, திசுத்துணுக்கில் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவு பார்க்கப்படுகிறது.

சோறு இறங்காமல் நெஞ்சில் சிக்குவது தொடர்ந்தால், தண்ணீர் குடித்துத் தள்ளிவிட்டு நாள் கடத்தாதீர்கள், எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள்.