கரையில் ஓடும் படகு இன்ஜின் - காசிமேட்டின் கதை

ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் ராயபுரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மீன் வாசனையை விட டீசல் புகையும் பெயிண்ட் வாசனையும்தான் தூக்கலாக இருக்கும். ஒரு படகில் இன்ஜின் உறுமும், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். உடனே பக்கத்துப் படகில் இன்னொன்று ஆரம்பிக்கும். ஆனால் எந்தப் படகும் ஓர் அடி கூட நகராது!

கடலுக்கே போகாத படகில் எதற்கு இன்ஜினை ஓட்டுகிறார்கள்? டீசல் விற்கிற விலையில் இது வீண் செலவு இல்லையா? இல்லை. அந்த ஐந்து நிமிடச் சத்தத்துக்குப் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது.

வெயில்தான் மெக்கானிக்

இன்ஜின் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் ஓடியது கட்டுமரம். சில மரக்கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் படகு தயார். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப் போடுவார்கள். தண்ணீர் ஊறிய மரம் கனக்கும், காய்ந்தால்தான் மறுபடி நன்றாக மிதக்கும். பெரும்பாலான பராமரிப்பை வெயிலே பார்த்துக்கொண்டது. துடுப்போ பாயோ பழுதானால் கையால் சரிசெய்து கொள்ளலாம்.

ஆனால் காயப் போட மணல் வேண்டுமே! 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரையைக் கடல் அரித்தது. இன்று அந்தப் பக்கம் நெடுகக் கருங்கல் கொட்டியிருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்ஜின் வந்த வழி

சென்னை மாகாண மீன்துறை 1927லேயே 'லேடி கோஷன்' என்ற நீராவி இழுவைக் கப்பலை வைத்துக் கடலை ஆராய்ந்தது. ஆனால் சாதாரண மீனவர் கைக்கு இன்ஜின் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1952ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. கேரளத்தின் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் மீன்பிடி படகுகளுக்கு இன்ஜின் வைக்கும் வேலை தொடங்கியது. 1950களிலேயே தமிழ்நாட்டிலும் 'பாப்லோ' போன்ற சிறிய விசைப்படகுகள் வந்தன. பிறகு இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்க, இழுவை வலை போடும் பெரிய படகுகள் பெருகின.

இதில் வடசென்னைக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொழிற்சாலை அமைத்தது. அதுதான் 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர் போன அந்த நிறுவனம் படகுக்கான இன்ஜின்களையும் தயாரித்தது. அவை மீன்பிடி படகுகளிலும் ஏறின.

ஓய்வு எப்படிக் கிடைத்தது?

இன்ஜினோடு சண்டையும் வந்தது. கரையோரத்தில் விசைப்படகுகள் வலை இழுத்ததால் கட்டுமரக்காரர்களின் மீனும் போனது, வலையும் அறுந்தது. 1970களில் இது பெரிய மோதல்களாக வெடித்தது. அதன் விளைவாக வந்ததுதான் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல் வரை பாரம்பரிய மீனவர்களுக்கு என்று ஆனது.

பிறகு, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை 2001ல் வந்தது. முதலில் 45 நாட்கள். 2017 முதல் அது 61 நாட்கள் ஆனது, அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீனுக்காகப் போட்ட தடை இன்ஜினுக்கும் ஓய்வு கொடுத்தது. படகைக் கரையேற்றி, அடிப்பாகம் சுரண்டி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்க்க ஆண்டுதோறும் ஒரு காலம் கிடைத்தது. கடைசியில் இன்ஜினை மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் பரீட்சை.

பரீட்சையில் என்ன பார்க்கிறார்கள்?

இரண்டு மாதம் சும்மா கிடந்த இன்ஜினில் டீசல் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம். முதலில் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு புகை. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

ஐந்து நிமிடத்தில் ஏன் நிறுத்துகிறார்கள்? பல படகு இன்ஜின்கள் குளிர்வதே கடல் தண்ணீரால்தான். கரையேற்றிய படகில் அந்தத் தண்ணீர் கிடையாது. டிரம்மில் தண்ணீர் வைத்து ஹோஸ் மூலம் கொடுக்காமல் ஓட்டினால், பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். ஃபைபர் படகுகளின் அவுட்போர்டு மோட்டாருக்கும் இதே கதைதான். அதன் அடிப்பாகத்தைத் தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் இறக்கித்தான் ஓட்ட வேண்டும்.

1979ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டத்துக்கும் இதே போன்ற சிக்கல்கள் இருந்தன. துறைமுகம் இல்லாத ஊரில் அலையைத் தாண்டி மணலில் ஏறும் படகுக்கு எப்படி இன்ஜின் வைப்பது? இன்ஜினையும் புரொப்பெல்லரையும் ஒன்றாகச் சாய்த்து மேலே தூக்கும் அமைப்பை உருவாக்கினார்கள். தண்ணீர் தேவைப்படாத, காற்றால் குளிரும் சிறிய டீசல் இன்ஜின்களையும் பயன்படுத்தினார்கள்.

பாஸ் ஆனாலும் பாதிதான்

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கரையில் நன்றாக ஓடும் இன்ஜின் கடலிலும் நன்றாக ஓடும் என்று உறுதி கிடையாது. காரணம், சுமை. கியர் போடாமல் ஓடும் இன்ஜினுக்கு எதிர்ப்பே இல்லை. கடலில் புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ள வேண்டும், வலையை இழுக்க வேண்டும், மணிக்கணக்கில் ஓட வேண்டும்.

இந்தச் சிக்கலை யோசித்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 1877ல் அவர், பெரிய கப்பல்களின் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு அதே தண்டில் மாட்டக் கூடிய தண்ணீர் பிரேக் ஒன்றை வடிவமைத்தார். அது கடலின் எதிர்ப்பைப் போலவே இன்ஜினைப் பிடித்து இழுக்கும். கப்பல் நின்ற இடத்திலேயே இன்ஜினின் முழு பலத்தையும் அளந்துவிடலாம். இன்று இன்ஜின் தொழிற்சாலைகளில் இருக்கும் டைனமோமீட்டர்கள் பலவற்றுக்கு அதுதான் முன்னோடி. ஆனால் காசிமேட்டில் கரையேறி நிற்கும் படகுக்கு அதெல்லாம் கிடைக்காது. அங்கே மெக்கானிக்கின் காதும் கண்ணும்தான் டைனமோமீட்டர். அதனால்தான் படகை நீரில் இறக்கிய பிறகு, தடை முடிவதற்குள் கட்டிய இடத்திலேயே கியர் போட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதற்கு இத்தனை பாடு? தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக அரசு 2023ல் அறிவித்தது. ஒரு குடும்பம் இரண்டு மாதம் ஓட்ட அது போதாது. கடன் வாங்கித்தான் படகை ரிப்பேர் செய்கிறார்கள். முதல் பயணத்தில் நடுக்கடலில் இன்ஜின் நின்றால், ஏற்றிய டீசலும் ஐஸும் வீண். காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போகும். அதைக் கட்டி இழுத்து வரும் இன்னொரு படகின் தொழிலும் கெடும்.

ஜூன் 14 நள்ளிரவில் காசிமேட்டிலிருந்து படகுகள் வரிசையாகக் கிளம்பும்போது கரையில் நிற்பவர்கள் கையசைப்பார்கள். மெக்கானிக் மட்டும் கையசைப்பதை விட, தான் மாட்டிய இன்ஜினின் சத்தத்தைத்தான் கவனிப்பார். அது சீராகத் தேய்ந்து தேய்ந்து இருட்டில் மறைந்தால் அவருக்கு நிம்மதி. மீதிப் பரீட்சை கடலில்!