கார் ஸ்பீக்கர் மேம்பாடும் கடகடப்புத் தடுப்பும்

தயாரிப்பு நிறுவனம் பொருத்தித் தரும் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டுத் திறன் கூடியவற்றை மாட்டுவதும், அதையொட்டி ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், வயரிங் ஆகியவற்றை மாற்றியமைப்பதும் கார் ஸ்பீக்கர் மேம்பாடு எனப்படும். கதவு, டேஷ்போர்டு, பின்தட்டு போன்ற உட்பாகங்கள் அதிர்ந்து எழுப்பும் சத்தங்களைத் தேடிப் பிடித்து அடக்கும் வேலை கடகடப்புத் தடுப்பு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கார் உதிரிப்பொருள் கடைத்தெருக்களில் இவை இரண்டும் பெரும்பாலும் தனித்தனி வேலைகளாக, தனித்தனி விலைக்குப் பேசப்படுகின்றன. முதலாவது கட்டாயம், இரண்டாவது கையில் காசு மிஞ்சினால் செய்வது என்ற எண்ணம் வாடிக்கையாளர்களிடம் பரவலாக உண்டு. ஆனால் ஒலியின் இயல்பை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள். கதவில் மாட்டிய ஸ்பீக்கருக்கு அந்தக் கதவே பெட்டி. பெட்டி ஓட்டையும் தளர்வுமாக இருக்கும்வரை அதில் எவ்வளவு உயர்ந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் அதன் குணம் வெளிப்படாது. ஆகவே பணமும் உழைப்பும் முதலில் கதவுக்கும், அடுத்து ஸ்பீக்கருக்கும், அதன்பின் ஆம்ப்ளிஃபையருக்கும் போக வேண்டும்.

பின்னணி

இன்று கார்களில் உள்ள ஸ்பீக்கர்களின் அடிப்படை அமைப்பு, 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. காந்தப் புலத்துக்குள் அசையும் கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய கூம்பு வடிவக் கோன் என்ற அந்த அமைப்பு ஒரு நூற்றாண்டாகப் பெரிதாக மாறவில்லை. 1930-இல் பால் கால்வினின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் விற்ற ரேடியோ, காருக்குள் இசையைச் சாதாரண மக்களுக்கும் எட்டும்படி செய்தது. ஆனால் ஸ்பீக்கரும் அதன் பெட்டியும் சேர்ந்தே ஒலியைத் தீர்மானிக்கின்றன என்பதைக் கணக்காக எழுதிக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். 1961-இல் தீல் தொடங்கிய வேலையை 1970-களின் தொடக்கத்தில் ஸ்மால் விரித்தார். ஒரு ஸ்பீக்கர் எந்தக் கனஅளவுள்ள பெட்டியில் எவ்வளவு தாழ்ந்த சுருதிவரை இறங்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க உதவும் எண்கள் இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன. 1983 மாடல் காடிலாக் செவில் உள்ளிட்ட கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸும் போஸும் சேர்ந்து உருவாக்கிய ஒலியமைப்பிலும் இதே அறிவு வேலை செய்தது. அதில் நான்கு ஸ்பீக்கர்களுக்கும் தனித்தனிப் பெட்டியும் தனித்தனி ஆம்ப்ளிஃபையரும் இருந்தன. கதவின் தயவை நம்பாமல் பெட்டியைக் கையோடு கொண்டுவந்தது அந்த வடிவமைப்பு. சாதாரணக் காரில் அந்த வசதி இல்லை. அங்கே இருக்கும் கதவைத்தான் பெட்டியாக்க வேண்டும்.

கதவின் குறை

ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது; அதே கணத்தில் பின்பக்கக் காற்று விரிகிறது. இரண்டு அலைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. 100 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். கதவின் உள்தகட்டில் கண்ணாடி மோட்டாரைக் கழற்ற வசதியாக விடப்பட்ட பெரிய திறப்புகள் ஸ்பீக்கரிலிருந்து ஓரிரு சாண் தூரத்தில்தான் இருக்கின்றன. இவ்வளவு நீண்ட அலைக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. பின்னால் புறப்பட்ட அலை திறப்பு வழியே வெளியேறி, முன்னலையோடு கலந்து, அதைப் பெருமளவு அழித்துவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பிநாதமும் பேஸ் கிட்டாரும் மெலிந்து கேட்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான். பல கார்களில் அந்தத் திறப்புகளை மூடியிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே. அது மழைநீரைத் தடுக்கும், ஒலியைத் தடுக்காது. உயர்ந்த சுருதிகளில் அலைநீளம் குறைவதால் இந்தச் சிக்கல் குறைந்துவிடுகிறது. புது ஸ்பீக்கர் மாட்டியதும் 'பாட்டு பளிச்சென்று கேட்கிறது, ஆனால் அடி இல்லை' என்று வாடிக்கையாளர் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது குறை, தகட்டின் மெலிவு. கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டரை விடவும் மெல்லியது; பரந்தது; நடுவில் தாங்கல் குறைவு. ஸ்பீக்கரின் பின்னலை அதைத் தள்ளி இழுக்கும்போது, தகடு தன் இயல்பான சுருதிகளில் தானும் ஒலிக்கத் தொடங்குகிறது. இதற்கான மருந்தின் கோட்பாட்டை 1959-இல் எட்வர்ட் கெர்வின் விளக்கினார். தகட்டின்மேல் பிசுபிசுப்பான ரப்பர் படலத்தை ஒட்டி, அதன்மேல் விறைப்பான ஓர் உலோகத் தாளை வைத்தால், தகடு வளையும்போது உலோகத் தாள் அதோடு சேர்ந்து நீள மறுக்கும். இடையில் அகப்பட்ட ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். இன்று சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்பில், அலுமினிய முதுகோடு விற்கப்படும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் இந்தக் கோட்பாட்டின் நேரடி வடிவம். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் கால்வாசி முதல் பாதிவரை ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கும். விரலால் தட்டினால் முன்பு தகரம்போல் நீண்டு ஒலித்த தகடு, ஒட்டியபின் 'தொப்' என்று குறுகி அடங்குவதைக் கொண்டு வேலையைச் சோதிக்கலாம்.

சத்தங்களின் வகையும் இடமும்

உட்பாகச் சத்தங்களை இரண்டாகப் பிரிப்பது கார்த் தொழிலின் வழக்கம். இடைவெளியுள்ள இரு பாகங்கள் மோதிக்கொள்வதால் வருவது கடகடப்பு. இறுக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரு பாகங்கள் ஒட்டியும் வழுக்கியும் நகர்வதால் வருவது கிறீச்சிடல். முதலாவதற்கு இடைவெளியை நிரப்ப வேண்டும்; இரண்டாவதற்கு உராயும் பரப்பை மாற்ற வேண்டும். வகையைப் பிரித்தறியாமல் கையில் கிடைத்த பஞ்சைத் திணிப்பது, ஒரு சத்தத்தைப் போக்கி இன்னொன்றை வரவழைக்கும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உராயும் இடத்தில் கம்பளித் துணி நாடா பயன்படும். வயர்க் கட்டுகளுக்கும் பூட்டுக் கம்பிகளுக்கும் துணிநாடாச் சுற்று அல்லது மெல்லிய நுரை உறை ஏற்றது.

இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்பீக்கரையே கருவியாக்கலாம். 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ்வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டு, என்ஜினை அணைத்து, சத்தம் எழும் சுருதியில் நிறுத்தி, உள்ளங்கையால் ஒவ்வொரு பாகமாக அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் அடங்கும் இடமே குற்றவாளி. கதவில் வழக்கமாகச் சிக்குபவை சில உண்டு: கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் நீண்ட கம்பி, தகட்டில் படும் வயர் கப்ளர், டோர் பேடை (கதவின் உட்புற உறைப் பலகையை) பிடித்திருக்கும், வாய் விரிந்துபோன கிளிப், கீழே பாட்டில் வைக்கும் பள்ளத்தின் விளிம்பு. டோர் பேடை ஒருமுறை கழற்றினாலே சில கிளிப்புகள் உடைவது இயல்பு. அவற்றை மாற்றாமல் பழையதையே குத்தி மாட்டினால், புது ஸ்பீக்கரோடு புதுக் கடகடப்பும் சேர்ந்து வரும். 'ஸ்பீக்கர் மாத்தினதிலிருந்து கதவு ஆடுது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் சில ரூபாய் விலையுள்ள கிளிப்தான் இருக்கும். பின்பக்க எண் பலகையும் டிக்கி மூடியும்கூடத் தாழ்ந்த சுருதியில் அதிரும். சப்வூஃபர் வைத்த கார்களில் அங்கும் தேட வேண்டும்.

செய்யும் முறை

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். டோர் பேடையும் பிளாஸ்டிக் தாளையும் நீக்கியபின், வெளித்தகட்டின் உட்புறத்தைத் தூசும் மெழுகும் போகும்படி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டேம்பிங் ஷீட்டை ஒட்டி, சிறு உருளையால் காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்த வேண்டும். ஒட்டும் வலிமை இந்த உருட்டலில்தான் இருக்கிறது. கையால் தடவிவிட்டுப் போனால் வெயில் காலத்தில் உரிந்து கண்ணாடி ஏறி இறங்கும் வழியில் விழும். பிறகு உள்தகட்டின் திறப்புகளை விறைப்பான தகடு அல்லது பிளாஸ்டிக் பலகை வைத்து மூடி, ஓரங்களைப் பியூட்டைலால் அடைக்க வேண்டும். பின்னாளில் கண்ணாடி மோட்டார் பழுதானால் திறக்க முடிகிற மாதிரி மூடுவது நல்ல வேலைக்கு அடையாளம். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையத்துக்கு எம்.டி.எஃப். பலகை வேண்டாம், கதவுக்குள் இறங்கும் நீரில் அது ஊதிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் வளையமும், வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையே நுரைப் பட்டையும் போதும். ஸ்பீக்கரின் முகத்துக்கும் டோர் பேட் வலைக்கும் இடையிலும் ஒரு நுரை வளையம் தேவை. இல்லாவிட்டால் முன்னலையின் ஒரு பங்கு டோர் பேடின் உட்புறத்துக்குள் சிதறி, அதையே அதிரவைக்கும்.

ஸ்பீக்கரும் வாட் கணக்கும்

கதவு தயாரான பிறகே ஸ்பீக்கர் தேர்வு பொருளுள்ளதாகிறது. பல கார்களின் முன்கதவில் ஆறரை அங்குல ஸ்பீக்கர் அமையும். அதோடு உயர்ந்த சுருதிகளுக்கான தனி ட்வீட்டரும், சுருதிகளைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரும் வரும் வகையே முன்பக்கத்துக்கு உகந்தது. இங்கே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய எண் உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்பது. ஒவ்வொரு 3 டெசிபெல் குறைவையும் ஈடுகட்ட இருமடங்கு திறன் வேண்டும். கம்பெனி ஸ்பீக்கரின் கோன் லேசான காகிதம். குறைந்த திறனிலேயே உரக்கப் பாடும்படி அமைக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டுக் கனமான கோன் கொண்ட உயர்விலை ஸ்பீக்கரை அதே ஸ்டீரியோவில் மாட்டினால் சத்தம் முன்பைவிடக் குறையக்கூடும்.

ஸ்டீரியோவின் மேல் அச்சிட்டிருக்கும் '50 வாட், நான்கு சேனல்' என்ற எண்ணையும் பிரித்துப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ அதனாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 வாட் வரும். இது அலை முழுவதும் சதுரமாக வெட்டுப்பட்டு, இசையே சிதைந்த நிலையில் கிடைக்கும் எண். சிதையாத சைன் அலைக்கு அதில் பாதி, அதாவது சுமார் 26 வாட்தான் கோட்பாட்டு எல்லை. உள்ளிழப்பு போக உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ 20 வாட். ஸ்பீக்கர் உறையில் போட்டிருக்கும் உச்ச வாட்டையும் விட்டுவிட்டு, தொடர்ந்து தாங்கும் வாட்டையும் உணர்திறனையும் ஒப்பிடுவதே சரி. திறன் போதவில்லை என்றால் தனி ஆம்ப்ளிஃபையர் வைக்கலாம். அப்போது பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் கட்டாயம்.

கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு வைப்பது காசில்லாத மேம்பாடு. ஒரே அளவு ஒலிக்கு, சுருதி பாதியாகும்போது கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அந்தப் பெரிய அசைவுதான் கதவை உலுக்குகிறது. அதைச் சிறு சப்வூஃபரிடம் ஒப்படைத்தால் ஸ்பீக்கரும் தெளியும், கடகடப்பும் அடங்கும்.

ஆட்சேபங்கள்

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் நியாயமுள்ளவை உண்டு. எடை கூடும் என்பது ஒன்று. பியூட்டைல் ஷீட், தடிப்பைப் பொறுத்து, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ. பகுதியாக மட்டும் ஒட்டினால் இரு முன்கதவுக்கும் கூடும் எடை ஒரு சிறு சூட்கேஸுக்கு மேல் போகாது. தரையும் கூரையும் உட்பட வண்டி முழுக்க அடுக்கடுக்காக ஒட்டுவதற்கு எதிராகத்தான் இந்த வாதம் செல்லும். இசைக்கு அது தேவையும் இல்லை. நீர் தேங்கித் துரு ஏறும் என்பது இன்னொன்று. கண்ணாடி இடுக்கின் வழியே கதவுக்குள் மழைநீர் இறங்குவதும், அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேறுவதும் வடிவமைப்பிலேயே உள்ளவை. அந்த வடிகால் துளைகளை அடைத்தால்தான் ஆபத்து, விட்டுவைத்தால் இல்லை. வெயிலில் உருகி நாறும் என்ற குறை தார் கலந்த மலிவுத் தாள்களுக்குப் பொருந்தும். கூரை ஒழுக்குக்காக விற்கும் தார் நாடாவைக் கதவில் ஒட்டுவோருக்கு நம் கோடை பாடம் கற்பிக்கும். நல்ல பியூட்டைல் அந்த வெப்பத்தைத் தாங்கும்.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது. சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த உணரி கதவுக்குள் இருக்கிறது. அத்தகைய கதவில் திறப்புகளை மாற்றியமைக்குமுன் தயாரிப்பாளரின் வழிகாட்டலைக் கேட்க வேண்டும். திரை ஏர்பேக் உள்ள தூணில் ட்வீட்டர் வயரை அதன் குறுக்கே இழுக்கக் கூடாது. கம்பெனி வயரை வெட்டாமல் பொருத்தமான கப்ளர் வைத்து இணைத்தால் உத்தரவாதம் பற்றிய தகராறும் குறையும். இத்தனை வேலைக்குப் பதில் ஈக்குவலைசரில் பேஸைக் கூட்டினால் போதாதா என்பது கடைசிக் கேள்வி. போதாது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் கூட்ட முடியும். அழிவு அப்படியே இருக்கும், கதவின் அதிர்வு மட்டும் பெருகும்.

ஆகவே செலவிடக் கையிருப்பு குறைவாக உள்ளவர், விலை கூடிய ஸ்பீக்கரையும் தொடாத கதவையும் தேர்வதைவிட, நடுத்தர ஸ்பீக்கரையும் செப்பனிட்ட கதவையும் தேர்வதே நலம். கடைக்குப் போகும் முன் கம்பெனி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டே முன்கதவு இரண்டையும் அடைத்து, அடக்கி, கேட்டுப் பாருங்கள். அதன்பிறகும் குறை தெரிந்தால், அது ஸ்பீக்கரின் குறை என்று நம்பிப் பணம் செலவிடலாம்.