அம்மாவின் கோபத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு

"எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா." "ராத்திரி எல்லாம் தூங்குறதே இல்ல." "காரணமே இல்லாம உக்காந்து அழுவுறா." நாற்பத்தைந்து வயதை ஒட்டிய பெண்களைப் பற்றி அநேகமாக எல்லா வீடுகளிலும் காதில் விழுகிற பேச்சுதான் இது. செல்லிப்பட்டு, பிள்ளையார்குப்பம், வில்லியனூர் பக்கம் பாட்டிமாரிடம் கேட்டால், "மாசம் நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள்.

பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காரணம் அந்த வயதுதான். ஆனால் "அப்படித்தான் இருக்கும்" என்பது மட்டும் சரியல்ல. அதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரலாற்றில் விஞ்ஞானம் எவ்வளவு உண்டோ, வியாபாரமும் அவ்வளவு உண்டு.

பெயர் வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர்

மாதவிலக்கு நிற்பதை ஆங்கிலத்தில் மெனோபாஸ் என்கிறார்கள். இந்தச் சொல்லை 1821இல் உருவாக்கியவர் சார்ல்ஸ் தெ கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1823இல், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான்.

பெயர் வந்துவிட்டது, மருந்து வரவில்லை. 1889இல் பாரிஸில் பிரவுன் செக்கார் என்ற 72 வயது விஞ்ஞானி, விலங்குகளின் விதைப்பைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிவித்தார். அது வெறும் பிரமை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் "உடம்பில் குறைவதை வெளியிலிருந்து கொடுக்கலாம்" என்ற எண்ணம் பரவியது. 1890களிலேயே ஐரோப்பாவில் விலங்குகளின் சூலகத்தைக் காயவைத்துப் பொடியாக்கிப் பெண்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மனநல மருத்துவர்கள் வேறு வழியில் போனார்கள். ஜெர்மனியின் எமில் கிரேப்பெலின், நடுவயதுக்குப் பிறகு வருகிற கடும் மனச்சோர்வைத் தனி நோயாகவே வகைப்படுத்தினார். அந்தப் பெயர் 1980 வரை அமெரிக்க மனநலக் கையேட்டில் நீடித்தது. அந்த ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில், தனி நோய் என்பதற்கு ஆதாரமில்லை என்று நீக்கிவிட்டார்கள். நீக்கியது சரிதான். ஆனால் "அந்த வயதுக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை" என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. அது தவறு என்று நிரூபிக்க மேலும் கால் நூற்றாண்டு ஆனது. 2006இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், அதுவரை மனச்சோர்வே வராத பெண்களுக்கு இந்த மாறுகிற காலத்தில் அது முதன்முறையாக வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று தெரிந்தது.

குதிரையும் கிழங்கும்

1929இல் அமெரிக்காவில் எட்வர்டு டாய்சி, ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனான்ட் ஆகிய இருவரும் தனித்தனியாக ஈஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். இது ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்தது. 1934இல் புரோஜெஸ்டிரோன் கைக்கு வந்தது. இந்த இரண்டு ஹார்மோன்களைச் சுற்றித்தான் மீதிக் கதை முழுவதும் நடக்கிறது.

அடுத்த பிரச்சினை, இவற்றை மலிவாகத் தயாரிப்பது எப்படி என்பது. ஈஸ்ட்ரோஜனுக்கு விடை குதிரை லாயத்தில் கிடைத்தது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரெமரின் மாத்திரை 1941இல் கனடாவிலும் 1942இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. புரோஜெஸ்டிரோனுக்கு விடை மெக்சிகோ காட்டில் கிடைத்தது. ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியல் பேராசிரியர் ஒரு காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து அதைத் தயாரித்துக் காட்டினார். அப்போது ஒரு கிராம் சுமார் 80 டாலருக்கு விற்ற பொருள் அது! 1944இல் அவர் கூட்டாளிகளுடன் சின்டெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விலை மளமளவென்று சரிந்தது.

ஆனால் ஒரு சிக்கல். புரோஜெஸ்டிரோனை அப்படியே விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. ஆகவே கம்பெனிகள் அதைப் போலவே வேலை செய்கிற செயற்கை மருந்துகளை உருவாக்கின. மாத்திரையாக விற்க அவை வசதியானவை. இந்த வசதிக்குப் பெண்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பது பின்னால் வருகிறது.

எல்லோருக்கும் விற்ற காலம்

1966இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிலக்கு நிற்பது ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் பெண் என்றென்றும் பெண்ணாக இருக்கலாம் என்பது அதன் சாரம். புத்தகம் சக்கைப்போடு போட்டது. மருந்துக் கம்பெனியின் பணம் அவருக்குப் போனது பிற்காலத்தில்தான் வெளியே தெரிந்தது. ஒருத்திக்கு என்ன தொந்தரவு என்று கேட்காமல், வயதைப் பார்த்து மாத்திரை கொடுக்கும் பழக்கம் வேரூன்றியது.

1975இல் முதல் அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று இரண்டு ஆய்வுகள் காட்டின. இதற்குத் தீர்வு, புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் கூடவே கொடுப்பது. அது உள்சுவரைத் தடிக்கவிடாமல் காக்கும். இன்றைக்கும் அடிப்படை விதி இதுதான்: கர்ப்பப்பை இருக்கிற பெண்ணுக்கு இரண்டும் வேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவருக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

புற்றுநோய்க் கவலை தீர்ந்தது, மனசின் கவலை திரும்பி வந்தது. 1985இல் ஸ்வீடனின் டார்ப்யார்ன் பெக்ஸ்ட்ராம் குழுவினர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஈஸ்ட்ரோஜனில் நன்றாக இருந்த பெண்களில் பலருக்கு, மாதத்தில் சில நாட்கள் இரண்டாவது மாத்திரையைச் சேர்த்ததும் எரிச்சல், அழுகை, சோர்வு எல்லாம் வந்தன. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் வருகிற அதே படுத்தல்! "மருந்து ஒத்துக்கல" என்று ஒரு பெண் சொன்னால் அது கற்பனை அல்ல என்பதற்கு அது ஒரு சாட்சி.

எல்லோரும் பயந்த காலம்

1990களில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்துகளில் பிரெமரினும் ஒன்று. 2002 ஜூலையில் எல்லாம் தலைகீழானது. சுமார் 16,600 பெண்களை வைத்து நடந்த அமெரிக்க அரசின் மாபெரும் ஆய்வில், இரண்டு மருந்தும் சேர்ந்த பிரிவு பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் கூடுகின்றன என்று பத்திரிகைகள் அலறின.

கணக்கை நிதானமாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 10,000 பெண்கள் ஓர் ஆண்டு சாப்பிட்டால், மார்பகப் புற்றுநோய் கூடுதலாக 8 பேருக்கு வந்தது. பக்கவாதமும் கூடுதலாக 8 பேருக்கு. பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்குக் குறைந்தது. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. அபாயம் உண்மைதான், ஆனால் தலைப்புச் செய்தி சொன்ன அளவு அல்ல. இன்னொன்று, அந்தப் பெண்களின் சராசரி வயது 63. தொந்தரவு வருகிற வயதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆனவர்கள். கொடுத்ததோ குதிரை ஈஸ்ட்ரோஜனும் ஒரு செயற்கை மருந்தும். அதில் வந்த முடிவை 46 வயதில் தவிக்கிற பெண்ணுக்கு அப்படியே பொருத்த முடியுமா?

யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 9 கோடியாக இருந்த மருந்துச் சீட்டுகள் 2003இல் 5.7 கோடியாகச் சரிந்தன. எல்லோருக்கும் விற்ற அதே மார்க்கெட், இப்போது எல்லோரையும் பயமுறுத்தியது. இரண்டு காலத்திலும் தனி ஒரு பெண்ணைப் பார்த்து "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டவர்கள் குறைவு.

ஒத்துக்கொள்கிற மருந்து

விடைகளில் ஒன்று பிரான்சிலிருந்து வந்தது. அங்கே 1970களிலிருந்தே ஈஸ்ட்ரோஜனைத் தோலில் தடவும் ஜெல்லாகக் கொடுத்துவந்தார்கள். 1980இல் புரோஜெஸ்டிரோனையே மிக நுண்ணிய பொடியாக்கி, உடம்பில் சேரும்படி மாத்திரையாக்கினார்கள். மெக்சிகோ கிழங்குக் காலத்தில் முடியாமல் போனது அப்போது முடிந்தது.

2003இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், ஈஸ்ட்ரோஜனை விழுங்கியவர்களுக்கு ரத்தம் உறையும் அபாயம் 3 மடங்குக்கு மேல் கூடியது, தோல் வழியாக எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. காரணம் எளிது. விழுங்கியது முதலில் கல்லீரலுக்குப் போய், ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களைத் தூண்டுகிறது. தோல் வழியே போவது நேராக ரத்தத்தில் கலக்கிறது. 80,000க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பெண்களைத் தொடர்ந்த இன்னொரு ஆய்வு, 2008இல், செயற்கை மருந்துகளைவிட உண்மையான புரோஜெஸ்டிரோனில் மார்பகப் புற்றுநோய் அபாயம் குறைவு என்றது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் அபாயமே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை.

மனசு விஷயத்திலும் பதில் வந்தது. 2001இல் பிரேசிலில் 50 பெண்களுக்கு நடந்த சோதனையில், ஈஸ்ட்ரோஜன் பட்டை ஒட்டியவர்களில் 68 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு விலகியது. வெறும் பட்டை ஒட்டியவர்களில் 20 சதவீதம். 2018இல் அமெரிக்காவில் 172 பெண்களுக்கு நடந்த சோதனையில், பட்டையும் இடையிடையே நுண்பொடி புரோஜெஸ்டிரோனும் எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு மட்டுமே மனச்சோர்வு அறிகுறிகள் வந்தன. மற்ற பிரிவில் 32 சதவீதம்.

ஏன் இப்படி? செல்லிப்பட்டுக்காரர்களுக்குச் சங்கராபரணி ஆற்றைச் சொன்னால் புரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1906இல், அங்கே கட்டிய படுகை அணை வறட்சியில் உடையவில்லை. 2021 வெள்ளத்தில்தான் உடைந்தது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் வெள்ளம், ஒரு மாதம் வறட்சி. சில பெண்களின் மூளை இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதில்லை. தோல் பட்டையோ ஜெல்லோ ஒரே சீரான அளவைக் கொடுக்கப் பார்க்கிறது.

புரோஜெஸ்டிரோனிலும் இதே கதை. உடம்புக்குள் அது மாறி உருவாகிற ஒரு பொருள் மூளையை அமைதிப்படுத்தும், தூக்கம் தரும். ஆனால் சிலருக்கு அதே பொருள் எரிச்சலையும் அழுகையையும் கிளப்பிவிடும். அப்படிப்பட்டவருக்கு டாக்டர் மருந்து வகையை மாற்றலாம், அளவையோ நாட்களையோ மாற்றலாம், கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனத்தைச் சொல்லலாம். ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எல்லாமே ஒத்துக்கொள்ளாது என்று பொருள் இல்லை.

இங்கே நிலைமை

இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மேலைநாடுகளில் 51. இந்திய மெனோபாஸ் சங்கம் 1995இலேயே தொடங்கப்பட்டது. ஆனாலும் கிராமத்துப் பெண்ணுக்குச் சுலபமாகக் கிடைக்கிற வைத்தியம் பல இடங்களில் "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்பதுதான். தேவையில்லாத இத்தகைய அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. சூலகமும் சேர்ந்து போனால், ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வற்றிவிடும். மனசு இன்னும் மோசமாகலாம்.

ஹார்மோன் எல்லோருக்கும் ஏற்றதல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் பொதுவாக எடுக்கக்கூடாது. தைராய்டும் ரத்தசோகையும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் முதலில் அவற்றைச் சோதிக்க வேண்டும். கடும் மனச்சோர்வுக்கு மனநல மருந்தும் ஆலோசனையும்தான் முதல் வழி. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம்.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் மீதிருந்த கடுமையான எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. பெண்டுலம் மறுபடியும் திரும்புகிறது. மறுபடியும் எல்லோருக்கும் விற்கிற காலம் வந்துவிடாமல் இருக்க வேண்டும்.

அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகக் கேட்பது. அதை டாக்டர் தொடங்குவதற்கு முன்னால் வீடு தொடங்கலாம். அடுத்த முறை அம்மா எரிந்து விழும்போது திருப்பிக் கத்தாமல், "ராத்திரி தூங்குனியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.