ககான்: பெயரை விழுங்கிய பட்டம்

கான் சாகிபு என்றதும் மதுரைக்காரர்களுக்கு மருதநாயகம் நினைவுக்கு வருவார். அந்தக் ‘கான்’ என்ற சொல்லுக்கு ஓர் அண்ணன் உண்டு: ‘ககான்’. கான்களுக்கெல்லாம் மேலான பேரரசன் என்று பொருள்.

மங்கோலியப் புல்வெளியை ஆண்ட ரௌரான் தலைவன் ஷெலுன் 402-ல் இந்தப் பட்டத்தைச் சூடிக்கொண்டான் என்கின்றன சீன ஏடுகள். அதற்கு முன் அங்கே கோலோச்சிய ஷியோங்னு வேந்தர்களுக்குச் ‘சான்யூ’ என்று பட்டம். 552-ல் துருக்கியர் ரௌரான்களை வீழ்த்தியபோது நிலத்தோடு பட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

வம்பு அதில்தான் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஐரோப்பாவின் வாசலுக்கு வந்துவிட்ட நாடோடி அவார்களின் தலைவன் பயானும் தன்னைக் ககான் என்றே சொல்லிக்கொண்டான். துருக்கியருக்குப் பொறுக்குமா? எங்களிடமிருந்து தப்பியோடிய அடிமைகளோடு நீங்கள் ஒப்பந்தம் போடுவதா என்று, 576-ல் வந்த பைசாந்தியத் தூதரிடம் சீறினார்கள்.

பயான் பட்டத்துக்கேற்ற நாட்டைத் தேடிக்கொண்டான். 567-ல் லோம்பார்டியர் என்ற ஜெர்மானியக் குலத்தோடு சேர்ந்து, இன்னொரு ஜெர்மானியக் குலமான கெபிடுகளை ஒழித்தான். மறு ஆண்டே லோம்பார்டியர் இத்தாலிக்குப் பெயர, இன்றைய ஹங்கேரிச் சமவெளி அவன் கைக்கு வந்தது. 582-ல் சாவா ஆற்றங்கரையின் சிர்மியம் நகரும் விழுந்தது. பைசாந்தியத் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிள் அவனுக்கு ஆண்டுக்கு 80,000 பொற்காசு கொடுத்தது. நட்புக்கொடை என்று அவர்கள் சொல்லிக்கொண்டாலும், திறைதான் அது.

அதோடும் விடவில்லை. யானை பார்க்க வேண்டும் என்றான் ககான். பேரரசர் மாரிஸ் தம்மிடம் இருந்ததிலேயே சிறந்த யானையை அனுப்பினார். பார்த்த கையோடு திருப்பி அனுப்பிவிட்டான். பயந்தானோ, இளக்காரமோ! அடுத்து பொன் கட்டில் கேட்டான். வந்ததும், இது என்ன மலிவுச் சரக்கு என்று அதையும் திருப்பினான். பிறகு, திறையில் இன்னும் 20,000 காசு கூட்டச் சொன்னான். மாரிஸ் மறுக்கவே, இன்றைய பெல்கிரேடான சிங்கிடூனத்தின் மேல் படை பாய்ந்தது.

இதையெல்லாம் எழுதிவைத்த பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோஃபிலாக்ட், அவனை வெறுமனே ‘ககான்’ என்றே குறிக்கிறார். அது பயானா, அவன் மகனா என்று இன்றும் வாதம் நடக்கிறது. 626-ல் கான்ஸ்டாண்டிநோபிளையே முற்றுகையிட்டவனும் நமக்கு வெறும் ககான்தான். பட்டம் ஆளை முழுசாக விழுங்கிவிட்டது.

பிராங்கிய மன்னர் சார்லமேனின் படைகள் 796-க்குள் அவார்களின் கருவூலத்தைச் சூறையாடி அரசின் முதுகெலும்பை முறித்துவிட்டன. 805-ல் ககானின் தூதன் ஒருவன் சார்லமேனிடம் போனான். தம் முன்னோர் அனுபவித்த பழைய மரியாதை தமக்கும் வேண்டும் என்பது ககானின் விண்ணப்பம். சார்லமேனும் அப்படியே ஆகட்டும் என்றார்.