ஹெட் கேஸ்கெட் தேர்வு (டர்போ எஞ்சின்)

எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கப்படும் மெல்லிய அடைப்புத் தகடு ஹெட் கேஸ்கெட். எரியும் வாயு சிலிண்டரை விட்டு வெளியேறாமலும், கூலன்டும் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காமலும் காப்பது இதன் வேலை. 80 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள சிலிண்டரில் அழுத்தம் 100 பாரைத் தொட்டால், ஹெட்டைத் தூக்கும் விசை ஏறத்தாழ 5 டன். 6,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 50 முறை இந்த விசை வந்து போகும். டர்போ பொருத்தினால் இந்த அழுத்தம் மேலும் ஏறும்.

பழைய கார்களில் ஆஸ்பெஸ்டாஸும், பின்னர் கிராஃபைட்டும் கலந்த கேஸ்கெட்டுகள் இருந்தன. கிராஃபைட் வகை மிதமான பூஸ்ட்டை (டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை) தாங்கும். இன்றைய டர்போ எஞ்சின்களில் பெரும்பாலும் இருப்பது பல அடுக்கு எஃகுத் தகடு. மெக்கானிக்குகள் எம்எல்எஸ் என்பார்கள். சிலிண்டர் வாயைச் சுற்றி அதில் எழுப்பியிருக்கும் வரம்பு ஸ்பிரிங் போல அமுங்கி எழும். இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் உட்காரும் எஞ்சினில் இதன் அருமை தெரியும். அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு விரியும். 400 மி.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் இடையே சுமார் 0.35 மி.மீ. வித்தியாசம் வரும். எம்எல்எஸ் தகட்டின் பூச்சு அந்த நகர்வுக்கு இடம் கொடுக்கிறது. செம்புக் கேஸ்கெட் பந்தய வண்டிக்கு உரியது. கூலன்ட் கசியும் குணம் உள்ளதால் தினமும் ஓடும் காருக்கு அது வேண்டாம்.

தடிமனில்தான் பலர் தவறுகிறார்கள். கம்ப்ரெஷனைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் போடுவது நெடுநாள் வழக்கம். போரும் ஸ்ட்ரோக்கும் 80 மி.மீ., கம்ப்ரெஷன் விகிதம் 10 என்று வைத்துக்கொண்டால், 0.5 மி.மீ. தடிமன் கூடும்போது அது சுமார் 9.5 ஆகும். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் அதே அளவு அகன்றுவிடும். சுமார் 1 மி.மீ.க்குள் இருக்கும் அந்தச் சந்துதான் கலவையைப் பிழிந்து சுழற்றி, எரிதலை வேகப்படுத்துகிறது. அது அகன்றால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) வரும் வாய்ப்பு கூடும். கேஸ்கெட்டைத் தின்பது பெரும்பாலும் பூஸ்ட் அல்ல, நாக்கிங்தான். கம்ப்ரெஷனைக் குறைக்க வேண்டுமானால் பிஸ்டனை மாற்றுவதே சரி.

டீசலில் நிலைமை வேறு. ஸ்கோடா ஆக்டேவியாவில் வந்த 1.9 லிட்டர் டிடிஐ எஞ்சினின் கேஸ்கெட் ஓரத்தில் தடிமனைக் குறிக்கும் ஒன்று, இரண்டு அல்லது மூன்று துளைகள் இருக்கும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு துருத்துகிறது என்பதை டயல் கேஜில் அளந்து, அதற்கேற்ற துளை எண்ணுள்ள கேஸ்கெட்டைப் போட வேண்டும். பழையதில் என்ன இருந்ததோ அதையே வாங்குவது, பிஸ்டனோ கனெக்டிங் ராடோ மாறிய எஞ்சினில் ஆபத்து.

இனி கேஸ்கெட் உட்காரும் தளம். எம்எல்எஸ் தகட்டுக்குத் தளத்தின் சொரசொரப்பு பொதுவாக 0.8 மைக்ரான் ஆர்ஏ (சராசரிச் சொரசொரப்பு) அளவுக்குள் இருக்க வேண்டும்; கிராஃபைட் வகைக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் பிடிப்பு. நகத்தை மெல்ல இழுத்தால் கட்டர் வரிகள் தட்டுப்படும் தளத்தில் எம்எல்எஸ் போடக்கூடாது.

ஹெட்டின் தளத்தைச் சீவிச் சரிசெய்யும் வேலைக்குப் பெங்களூரில் பொருத்தமான இடம் பீன்யா. பக்கத்து ஜாலஹள்ளியில் 1953இல் எச்எம்டி தொடங்கியது. துமகூரு சாலையை ஒட்டி 1961இல் வந்தது பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர். ஏஸ் டிசைனர்ஸும் பீன்யாவில்தான் லேத்துகள் செய்கிறது. இப்படி மெஷின் செய்யும் நிறுவனங்களைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளுக்கு மைக்ரான் கணக்கு அன்றாடப் பேச்சு. ஆனால் மெஷின் பாகம் சீவுகிறவர் எல்லோருக்கும் எஞ்சின் தெரியும் என்று எண்ணிவிடக்கூடாது. வளைந்த ஹெட்டின் அடிப்பக்கத்தை மட்டும் சீவினால் கேஸ்கெட் தளம் நேராகும். கேம்ஷாஃப்ட் ஓடும் துளைகள் வளைந்தபடியே இருக்கும். எனவே சீவுவதற்கு முன் கேம்ஷாஃப்ட்டை வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் குறுக்கிலும் மூலைவாட்டிலும் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பதும் அவசியம். பல கார் எஞ்சின்களுக்கு 0.05 மி.மீ.தான் வரம்பு.

கேஸ்கெட்டின் துளை போரைவிடச் சுமார் 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், விளிம்பு உள்ளே நீட்டினால் சுட்டுக் கருகும். கோணக் கணக்கில் முறுக்கும் நீட்சி போல்ட்டுகளை மறுமுறை போடக்கூடாது.

முதலில் கேஸ்கெட்டைத் தீர்மானித்து, அதற்குரிய ஆர்ஏ அளவைச் சீட்டில் எழுதி ஹெட்டோடு பட்டறையில் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது எவ்வளவு சீவினார்கள், எத்தனை ஆர்ஏ வந்தது என்ற இரண்டு எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.