பதிவேட்டிலிருந்து பரிசோதனைக்கு: பிரித்தானியாவிற் பற்சிகிச்சைத் தரக் கண்காணிப்பின் வரலாறு

மருத்துவத் தொழிலின் தரத்தை இரு வழிகளில் மதிப்பிடலாம். தொழில் புரிபவர் தகுதி பெற்றவரா என வினவுவது ஒன்று. அவர் தொழில் புரியும் இடத்தில் நோயாளிக்கு உண்மையில் நிகழ்வது யாது என வினவுவது மற்றொன்று. முன்னைய வினாவுக்கு விடை ஒரு பதிவேட்டிற் கிடைக்கும். பின்னைய வினாவுக்கோ எவரேனும் சிகிச்சை நிலையத்தினுள் நேரிற் சென்று நோக்குதல் வேண்டும். பிரித்தானியப் பல் மருத்துவத்தின் வரலாறு, முதல் வினாவிலிருந்து இரண்டாம் வினாவை நோக்கி ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாக நகர்ந்த வரலாறாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திற் பல் பிடுங்குவதற்கு எவ்விதத் தகுதியும் வேண்டப்படவில்லை. முடிதிருத்துவோர், கொல்லர், மருந்து வணிகர் ஆகியோரும் இத்தொழிலைச் செய்தனர். இந்நிலையை மாற்ற முயன்றோருள் ஜோன் டோம்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1860 இல் இங்கிலாந்தின் றோயல் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி பல் மருத்துவத்துக்கென முதன்முறையாகத் தேர்வு நடத்தியது. ஆயினும் அத்தேர்வுக்குத் தோற்றுமாறு எவரையும் கட்டாயப்படுத்தச் சட்டம் இருக்கவில்லை.

அக்குறையைத் தீர்க்கும் நோக்குடன் எழுந்ததே 1878ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம். பொது மருத்துவச் சபையின் பொறுப்பில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. அதிற் பெயர் இடம்பெறாதோர் ‘பல் மருத்துவர்’ என்னும் பட்டத்தைப் பயன்படுத்தலாகாது என விதிக்கப்பட்டது. எனினும் ஏற்கெனவே தொழில் புரிந்தோர் அனைவரும் பதிவு பெறலாம் என்றமையால், முதற் பதிவேட்டில் இடம்பெற்றோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே கல்லூரித் தேர்விற் சித்தியடைந்தவராயிருந்தனர்.

இச்சட்டத்தின் பெருங்குறை பிறிதொன்றாகும். அது பட்டத்தைக் காத்ததேயன்றி நோயாளியின் வாயைக் காக்கவில்லை. பதிவு பெறாத ஒருவர் ‘பல் மருத்துவர்’ என எழுதாது, செயற்கைப் பற்கள் பொருத்தப்படும், வலியின்றிப் பல் பிடுங்கப்படும் என்று பலகை தொங்கவிட்டாற் சட்டம் என் செய்யும்? இவ்வினா பிரபுக்கள் சபை வரை சென்றது. 1910 இல் அச்சபை வழங்கிய தீர்ப்பு, அத்தகைய விளம்பரம் சட்டத்தை மீறுவதாகாது எனக் கொண்டது. பட்டத்தைச் சூடாத வரையில் எவரும் பல் பிடுங்கலாம் என்பது இதனால் உறுதியாயிற்று.

இதன் விளைவுகளை ஆராய 1917 இல் பிரான்சிஸ் அக்லண்ட் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 1919 இல் வெளிவந்த அதன் அறிக்கை பதிவு பெறாதோரின் தொழிலால் விளைந்த தீங்குகளை எடுத்துரைத்தது. ஆனால் ஓர் இக்கட்டும் உடனிருந்தது. பதிவு பெற்றோரின் தொகை மக்களின் தேவைக்குப் போதாதிருந்தது. பதிவு பெறாதோரை ஒரேயடியாக விலக்கின், ஏழைகள் பல்வலியுடன் எங்குச் செல்வர்? விலக்காது விடின், தீங்கு தொடரும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டுக்கும் இடைவழி கண்டது. இனிமேற் பதிவு பெற்றோரே இத்தொழிலைச் செய்யலாம் எனக் கதவை அடைத்தது. ஆனால் முந்திய ஏழாண்டுகளில் ஐந்தாண்டுகளாயினும் தொழில் புரிந்தோர் பதிவு பெற வழியமைத்தது. தரத்தை உயர்த்தும் முயற்சி, சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிடலாகாது என்னும் உண்மை இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, பல் மருத்துவருக்கெனத் தனியான பொதுப் பல் மருத்துவச் சபை தோன்றியது.

இதற்கிடையில், 1948 ஜூலை 5ஆந் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியமை புதியதொரு நிலையை உருவாக்கிற்று. செய்யப்படும் ஒவ்வொரு வேலைக்கும் அரசு பணம் கொடுத்தமையால், வேலை நிகழ்ந்ததா, அது வேண்டியதுதானா என அறியும் பொறுப்பும் அரசைச் சார்ந்தது. ஈஸ்ற்போர்ண் நகரில் அமைந்த பல் மதிப்பீட்டுச் சபை கணக்குகளை ஆராய்ந்தது. பிராந்தியப் பல் அதிகாரிகள் தெரிந்தெடுத்த நோயாளரின் வாயைப் பார்வையிட்டனர். எனினும் எண்ணிக்கைக்கேற்ற ஊதியம் மிகைச் சிகிச்சைக்கு இடந்தரக்கூடியது. தேவையற்ற பற்சிகிச்சை பற்றி ஆராய்ந்த ஷான்ஷீவ் குழு 1986 இல் அளித்த அறிக்கை, அத்தகைய சிகிச்சை நிகழ்வதை ஏற்றுக்கொண்டது.

சிகிச்சை அறையின் மீது கவனத்தைத் திருப்பியவை இரண்டு அச்சங்கள். ஒன்று மயக்கமருந்து. பல் மருத்துவரின் கதிரையிலேயே முழு மயக்கம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 1990ஆம் ஆண்டின் பொஸ்வில்லோ அறிக்கை கடுமையான நிபந்தனைகளை விதந்துரைத்தது. அதன் பின்னும் குழந்தைகள் உட்படச் சிலர் இறந்தனர். ஈற்றில், 2001ஆம் ஆண்டின் முடிவோடு முழு மயக்கம் வைத்தியசாலைகளுக்கே உரியதாயிற்று.

மற்றையது தொற்று. ஈரல் அழற்சி, எயிட்ஸ் பற்றிய அறிவு 1980களிற் பரவியபோது கையுறையும் முகமூடியும் பொதுவழக்காயின. பின்னர், மாட்டு நோயோடு தொடர்புடைய மூளைநோயைப் பற்றிய அச்சத்தால், பல்லின் வேர்க்குழாயைத் துப்புரவாக்கும் அரங்களை ஒரு முறைக்கு மேற் பயன்படுத்தலாகாதென 2007 இல் அறிவுறுத்தப்பட்டது. அடுத்து வந்த தொற்றுநீக்க வழிகாட்டி கருவியின் பயணத்தையே வகுத்தது. அழுக்கடைந்த கருவி ஒரு பக்கத்தால் வரவேண்டும்; கழுவப்பட வேண்டும்; ஒளியூட்டிய உருப்பெருக்கியின் கீழ் நோக்கப்பட வேண்டும்; 134 பாகை செல்சியசுக்குக் குறையாத நீராவியில் மூன்று நிமிடமாயினும் இருத்தல் வேண்டும்; பின்பு மறுபக்கத்தாற் செல்லவேண்டும்; ஒவ்வொரு முறையும் அது பதியப்படல் வேண்டும். தகுதிச் சான்றிதழ் எதுவும் காட்டமுடியாத ஒன்றை இப்பதிவுகள் காட்டின.

இவ்வளர்ச்சியின் தொடர்ச்சியாக, 2011 ஏப்ரல் முதலாந் திகதி தொட்டு இங்கிலாந்தின் பற்சிகிச்சை நிலையங்கள் யாவும் பராமரிப்புத் தர ஆணைக்குழுவிற் பதிவு பெறவேண்டியவாயின. ஏற்கெனவே பல கண்காணிப்புகள் உளவாக, மேலும் ஒரு சுமை எதற்கென மருத்துவர் பலர் முறையிட்டனர். அம்முறையீடு முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும் முன்னைய சபை மனிதரைப் பதிந்தது. இவ்வாணைக்குழு நிலையத்தைப் பதிந்தது. சிகிச்சை பாதுகாப்பானதா, பயனுள்ளதா, பரிவுடையதா, தேவைக்கு இசைவதா, நிருவாகம் செம்மையானதா என்னும் ஐந்து வினாக்களோடு பரிசோதகர் வருவர். அவசர மருந்துகளும் ஒட்சிசனும் ஆயத்தமாயுள்ளனவா, ஊழியரின் பின்னணி ஆராயப்பட்டதா, முறைப்பாட்டுக்கு மறுமொழி அளிக்கப்பட்டதா என நோக்குவர். குறை காணின் திருத்துமாறு பணிப்பர். மீண்டும் வந்து பார்ப்பர். கேடு மிகின் பதிவையே நீக்கலாம்.

இலங்கையிலும் இவ்விரு படிகளும் தெரிகின்றன. பல் மருத்துவரைப் பதியும் முறை பிரித்தானிய மரபைத் தழுவி மருத்துவச் சபையின் பொறுப்பில் அமைந்தது. தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதியும் சட்டமோ 2006 இலேயே பிறந்தது.

ஒவ்வொரு படியும் ஏதேனும் ஒரு தீங்கின் பின்னரே எடுக்கப்பட்டது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. பரிசோதகர் நிலையத்தில் இருப்பது ஒரு நாள். நோயாளர் வருவது ஆண்டு முழுவதும். எனவே பரிசோதனையின் வெற்றி, அவர் கண்டெழுதிய குறைகளின் தொகையிலன்று, அவர் சென்ற பின்னரும் கருவிகளைக் கழுவும் உதவியாளரின் கைகள் அதே கவனத்தோடு இயங்குவதிலேயே தங்கியுள்ளது எனலாம்.