அடுப்புக்கு மேலே இருந்த கூரை

பொங்கலுக்கு நம் கீழ்த்தளத்தில் செங்கல் அடுக்கி விறகடுப்பு மூட்டுகிறோம். வீட்டு விசேஷம் என்றால் மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு, அதன் ஓரத்திலேயே சமையலையும் வைத்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் அடுத்த விசேஷத்துக்கு நாள் குறித்திருந்தால், பந்தல்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

தஞ்சைப் பகுதிக்கு விறகடுப்பு புதிதல்ல. தென்னை மட்டை, பாளை, சவுக்கு விறகு என்று எது கிடைத்தாலும் எரித்துத்தான் இந்த நெல் நாடு சோறு பொங்கியது. கூரையும் அதே தென்னங்கீற்றுதான், அல்லது வைக்கோல். எரிபொருளையே தலைக்கு மேல் வேய்ந்துகொண்டு வாழ்ந்தவர்களுக்கு அதன் ஆபத்து தெரிந்திருந்தது. குடிசையில் இருந்தவர்கள் பெரிய அடுப்பை வாசலிலோ கொல்லையிலோ மூட்டினார்கள். சமையல் முடிந்ததும் விறகை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்துக் கரியாக்கிய பிறகுதான் மற்ற வேலை. பக்கத்துக் கூரை பற்றினால் ஈரச் சாக்கைத் தங்கள் கூரைமேல் போட்டு, தொரட்டியால் கீற்றைப் பிய்த்து இடைவெளி உண்டாக்குவார்கள்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடத்தை ஒட்டி பெரிய விறகடுப்புகள் வந்தன. பசியோடு வந்த பிள்ளைகளுக்கு அது செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கொல்லையில் இருந்த அடுப்பு, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

கும்பகோணம் காசிராமன் தெரு. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, முற்பகல். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. மதிய உணவு சமைக்கும் இடத்தில் கிளம்பிய தீ, அங்கிருந்த கீற்றைப் பிடித்து, வகுப்பறைகளுக்கு மேலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கீற்றும் மூங்கிலும் பிள்ளைகள் மேல் சரிந்தன. இறங்கி ஓடக் குறுகலான வழிதான் இருந்தது. 94 குழந்தைகள் இறந்தார்கள்.

அடுப்பில் தீ எகிறுவது அன்றாடம் நடப்பது. அதற்கு மேலே கீற்று இல்லாமல், வெளியேற அகலமான வழி இருந்திருந்தால் அன்று கருகிப்போனது ஒரு சமையலறை மட்டுமாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து, தீயிலும் நெரிசலிலும் 48 பேர் இறந்தார்கள். கும்பகோணத்துக்கு ஆறு மாதம் முன்பு, 2004 ஜனவரி 23 அன்று, ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்தது. மாப்பிள்ளையும் இறந்தவர்களில் ஒருவர்.

கும்பகோணத்துக்குப் பிறகு தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. குற்றவியல் வழக்கில் தஞ்சை நீதிமன்றத்தின் தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் ஆயின. 2014 ஜூலை 30 அன்று பத்துப் பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

இந்த உத்தரவெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு. நம் மொட்டை மாடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியது நாம்தான். பந்தல் கீற்றாக இருந்தால் அடுப்பு கீழே திறந்த வெளியில் இருக்கட்டும். வண்டிகளும் சிலிண்டரும் தள்ளியே நிற்கட்டும். பக்கத்தில் இரண்டு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர். தீ எகிறினால் முதலில் எரியும் விறகை வெளியே இழுத்து மணலையோ ஆறிய சாம்பலையோ போடச் சொல்லுங்கள். குடத்தோடு தண்ணீரை அடுப்பில் கொட்டினால் ஆவியும் கங்கும் முகத்தில் அடிக்கும். தெளித்துத்தான் அணைக்க வேண்டும். வடைச் சட்டி எண்ணெய் பற்றினால் தண்ணீரே கூடாது. கை எட்டினால் தட்டால் மூடி, விறகை இழுத்துவிட்டு, சட்டியை நகர்த்தாமல் ஆற விடுங்கள். சேலையில் பிடித்தால் ஓடவிடாமல் தரையில் படுத்து உருளச் சொல்லுங்கள். தீக்காயத்தின்மேல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். மாவும் மையும் பற்பசையும் வேண்டாம். தீ பந்தலைத் தொட்டுவிட்டால் அணைக்க நிற்காதீர்கள். எல்லோரையும் படிக்கட்டு வழியாக இறக்கிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

அந்தப் படிக்கட்டில் இப்போது செருப்பு அலமாரிகளும் இரண்டு பழைய சைக்கிள்களும் இருக்கின்றன. சைக்கிளில் ஒன்று என்னுடையது. இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுகிறேன்.